அடுக்கு கலைந்தாலும் முகவரி அழியலாமா? – கொல்லிமலை ஆவணங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

கொல்லிமலையில் விளைந்த ஒரு சாமைக் கதிரைப் படமெடுத்தால், கேமரா அதற்கு வைக்கும் பெயர் சில எழுத்துகளும் நான்கு இலக்க எண்ணும் மட்டுமே. அது பெருஞ்சாமையா கட்டவெட்டிச்சாமையா, வாழவந்திநாட்டில் விளைந்ததா அரியூர்நாட்டில் விளைந்ததா, எந்த ஆண்டு அறுவடை என்பதெல்லாம் அந்தக் கோப்பின் பெயரில் இராது. அவற்றைச் சொல்வது அந்தக் கோப்பு கிடக்கும் ஃபோல்டர்களின் வரிசை. நாடு, அதற்குள் ஊர், அதற்குள் பயிர், அதற்குள் ரகம், அதற்குள் ஆண்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும் அந்த வரிசைதான் படத்தின் முகவரி.

இந்த அடுக்குகளின் உள்ளே புகுந்து, அடியாழம் வரை தேடி, கிடைக்கும் கோப்புகளையெல்லாம் ஒரே ஃபோல்டரில் நகலெடுத்துப் போடும் சிறு ஸ்கிரிப்டை எழுதப் பத்து நிமிடம் போதும். இணையத்தில் தேடினால் ஒற்றை வரியிலேயே கிடைக்கும். அந்த ஒற்றை வரி எதை எடுத்துச் செல்கிறது, எதை விட்டுவிடுகிறது, நம் மொழியின் பெயர்கள் அதில் என்ன பாடுபடுகின்றன, தமிழ் ஆவணக் காப்பகங்கள் இதற்கு என்ன வழி கண்டிருக்கின்றன என்பதை முழுமையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கொல்லிமலையை முன்வைப்பதற்குக் காரணம், அங்கே முகவரி தொலைந்தால் ஆவணமே பொருளிழந்துவிடும் என்பதுதான்.

மலையின் அடுக்கு

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் செம்மேடு. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் இம்மலை ‘நாடு’களாகப் பிரிந்தது: வாழவந்திநாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, தேவனூர்நாடு என்று ஊராட்சிகளின் பெயர்களிலேயே அந்தப் பிரிவு வாழ்கிறது. ஒருவர் எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பதை வைத்துத்தான் இங்கே உறவும் வழிபாடும் பேசப்படுகின்றன.

பயிர்களும் அப்படியே. சாமை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை எனப் பல. தினையில் செந்தினை, பெருந்தினை. கேழ்வரகிலும் சட்டைக்கேழ்வரகு, காரக்கேழ்வரகு எனப் பிரிவுகள். மரவள்ளி பரவியபோது இந்தச் சிறுதானிய நிலங்கள் சுருங்கின. கீழே சேலம், நாமக்கல் வட்டாரச் சேகோ ஆலைகள் மரவள்ளிக்குத் தந்த சந்தையைச் சாமைக்கு யாரும் தரவில்லை. 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் உள்ளூர் ரகங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டு வருகிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்றது. 2004இன் விதிகள் அந்தக் குழுவின் முதன்மைப் பணியாக மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பதைக் குறித்தன.

இப்படிப்பட்ட பதிவுகள் அனைத்தும் இயல்பாகவே அடுக்குகளாகத்தான் சேரும். ஒரு ரகத்தின் படம் அந்த ஊரோடும் விதையைக் காத்தவரோடும் சேர்ந்திருந்தால்தான் சான்று. ஊர் தெரியாத சாமைப் படம் பார்க்க அழகாயிருக்கலாம். விதையைத் தேடிப் போகிறவருக்கு அதனால் பயன் இல்லை.

ஏன் கலைக்கிறோம்

அடுக்கைக் கலைப்பதற்கு நியாயமான தேவைகள் உண்டு. அச்சகத்துக்குப் படங்களைத் தர வேண்டும். அவர்கள் ஒரே ஃபோல்டராகக் கேட்பார்கள். எழுத்துணரி மென்பொருளும் படத்தை வகைப்படுத்தும் நிரல்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் குவித்த கோப்புகளை எதிர்பார்க்கும். பல வன்தட்டுகளில் சிதறிய பிரதிகளை ஒப்பிட்டு இரட்டைகளைக் களைய வேண்டியிருக்கும். அடுக்கு மிக ஆழமாகிவிட்டால் பழைய விண்டோஸ் நிரல்கள் 260 எழுத்துக்கு மேற்பட்ட முழுப் பாதையைத் திறக்கவே மறுக்கும்.

கணினி வரலாற்றிலும் அடுக்குக்கும் சமதளத்துக்கும் இடையே போக்குவரத்து ஓய்ந்ததில்லை. கோப்புகளை மரம்போல் கிளைவிடும் அடைவுகளில் வைக்கும் முறையை மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக டேலியும் நியூமனும் 1965இல் எழுதிய கட்டுரை விளக்கியது. யூனிக்ஸ் அதைப் பரப்பியது. எம்எஸ்-டாஸில் உள்அடைவுகள் 1983இல் வந்த 2.0 பதிப்பில்தான் கிடைத்தன. 1984இன் மேக்கின்டாஷில் திரையில் ஃபோல்டர் தெரிந்தாலும் வட்டில் எல்லாக் கோப்புகளும் ஒரே தளத்தில்தான் கிடந்தன. மறு ஆண்டு அது மாறியது. 2006இல் வந்த அமேசானின் எஸ்3 சேமிப்பகமோ மீண்டும் சமதளத்துக்கே போனது: அங்கே பாதை என்று நாம் பார்ப்பது உண்மையில் சாய்கோடுகள் சேர்ந்த ஒரே நீளப் பெயர். ஆகவே அடுக்கு புனிதமானது, சமதளம் பாவம் என்று எதுவும் இல்லை. கலைக்கும்போது முகவரி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

பெயர் மோதல்

முதல் ஆபத்து ஒரே பெயர். கேமராக்கள் பின்பற்றும் டிசிஎஃப் என்னும் ஜப்பானியத் தரம், கோப்பின் பெயரை எட்டு எழுத்துக்குள் அடக்கி, கடைசி நான்கை 0001 முதல் 9999 வரையான எண்ணாக்கியது. பத்தாயிரமாவது படத்தில் எண் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களை எடுத்துக்கொண்டு இரண்டு நாடுகளுக்குப் போனவர்கள், அன்று மாலையே ஒரே பெயருள்ள நூற்றுக்கணக்கான வெவ்வேறு படங்களோடு திரும்புவார்கள். ஆண்டுதோறும் ஆடி மாதம் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவின் படங்களும் அப்படித்தான்: ஆண்டு ஃபோல்டரில் இருக்கும்வரை தனித்தனி, கலைத்துவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று.

அப்போது என்ன நடக்கும் என்பது நாம் எடுக்கும் கருவியைப் பொறுத்தது. லினக்ஸில் ‘ஃபைண்ட்’ கட்டளை ஒவ்வொரு கோப்பையும் கண்டெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளையைத் தனித்தனியாக அழைத்தால், பின்னால் வந்த கோப்பு முன்னதன்மேல் ஓசையில்லாமல் எழுதிவிடும். எச்சரிக்கை வராது, வேலை வெற்றி என்றே முடியும். அதே ‘ஃபைண்ட்’ கோப்புகளை மொத்தமாகத் திரட்டி ஒரே ‘சிபி’யிடம் தந்தால், க்னூ பதிப்பு தான் இப்போதுதான் உருவாக்கிய கோப்பை அழிக்க மறுத்து, பிழைச்செய்தியைத் தரும். ஆனால் பட்டியல் மிக நீண்டால் ‘ஃபைண்ட்’ அதைப் பல தொகுப்புகளாக உடைத்துவிடும். ஒரு தொகுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே அந்தக் காவல் கிடையாது. எண்ணிட்ட காப்பு எடுக்கும் வசதியைச் சேர்த்தால் எதுவும் அழியாது. ஆனால் மோதிய கோப்பின் பெயருக்குப் பின்னால் அலைக்குறியும் எண்ணும் ஒட்டிக்கொள்ளும். படம் என்று அடையாளம் காட்டும் பின்னொட்டு கடைசியில் இல்லாமல் போவதால் பல நிரல்கள் அதைப் படமாகவே பார்க்காது.

விண்டோஸில் ரோபோகாப்பி அடுக்கை அப்படியே காப்பதற்கென்றே உருவானது. கலைக்கும் வழி அதில் இல்லை. எனவே பவர்ஷெல்லை நாடுகிறார்கள். அதன் நகல் கட்டளையும் ஏற்கெனவே இருக்கும் கோப்பின்மேல் கேட்காமலே எழுதும். எந்த மேடையானாலும் பாடம் ஒன்றே: மோதலைத் தானே சோதிக்காத ஸ்கிரிப்டை ஆவணத்தின் பக்கத்தில் விடக் கூடாது.

இன்னும் சில கண்ணிகளும் உண்டு. குவிக்கும் ஃபோல்டர் மூல ஃபோல்டருக்குள்ளேயே இருந்தால், ஸ்கிரிப்ட் தான் போட்ட நகல்களையே திரும்பவும் பொறுக்கத் தொடங்கலாம். ‘வாழவந்தி நாடு’ என்று இடைவெளி விட்டு எழுதிய பெயரை மேற்கோள்குறிக்குள் வைக்காத ஷெல் ஸ்கிரிப்ட் இரண்டு பெயர்களாக உடைத்துவிடும். தன் மேல் ஃபோல்டரையே சுட்டும் இணைப்பு ஒன்று உள்ளே கிடந்து, அதைப் பின்தொடரச் சொல்லியிருந்தால், பயணம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரலாம். பைத்தானின் ‘ஓஎஸ்.வாக்’ இயல்பாக இணைப்புகளைப் பின்தொடராது என்பது அதைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம்.

தமிழ்ப் பெயர்கள் படும் பாடு

மோதலைத் தவிர்க்க எல்லோருக்கும் தோன்றும் வழி, பாதை முழுவதையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுவது. சாய்கோடு இருந்த இடத்தில் இரண்டு அடிக்கோடுகள். நல்ல வழிதான், ஆனால் தமிழில் அதற்கு மூன்று தடைகள்.

முதலாவது நீளம். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று. மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் வரும். ‘கொல்லிமலை’ என்ற ஐந்து எழுத்துச் சொல் 27 பைட். கொல்லிமலை, வாழவந்திநாடு, செம்மேடு, சிறுதானியங்கள், சாமை, பெருஞ்சாமை, 2019 என்ற பாதையை அடிக்கோடுகளால் இணைத்து, 12 எழுத்துக் கேமராப் பெயரைக் கடைசியில் சேர்த்தால் 201 பைட் ஆகிவிடுகிறது. ‘அறுவடைக்குப் பின்’ என்று இன்னும் ஒரு ஃபோல்டர் இருந்தால் 252. மிச்சம் 3 பைட். அதற்குமேல் ஓர் அடுக்கு வந்தால் நகல் தோற்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டைக் கணக்கிடாமல் 255 குறிகளைக் கணக்கிடுவதால், இதே முதல் பெயர் அங்கே 87 குறிகளுக்குள் அடங்கிவிடும். விண்டோஸில் தடையின்றிப் போன வேலை லினக்ஸ் சர்வரில் முறிவது இதனால்தான்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் தெரியும் எழுத்து. ஒகரக் குறியை யூனிகோட் இரண்டு வகையில் எழுதவிடுகிறது: ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும். ஓகார, ஔகாரக் குறிகளும் அப்படியே. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்+ முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. அங்கிருந்து வந்த ‘கொல்லிமலை’ ஃபோல்டரும் விண்டோஸில் தட்டச்சிட்ட ‘கொல்லிமலை’ ஃபோல்டரும் லினக்ஸில் அருகருகே, ஒரே பெயரில், இரண்டு ஃபோல்டர்களாக நிற்கும். ஸ்கிரிப்டுக்கு அவை இரண்டு மலைகள். பெயர்களை ஒப்பிடும் முன் யூனிகோட் வரையறுத்த என்எஃப்சி வடிவுக்கு மாற்றினால் இந்தக் குழப்பம் தீரும். பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை ஆங்கிலக் கையேடுகள் பெரும்பாலும் பேசுவதில்லை. நமக்கு அது முதல் வரியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது பென்டிரைவ். மலையிலிருந்து கோப்புகள் இன்றும் அதிலும் இறங்குகின்றன. எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த வட்டில் ஒரு ஃபோல்டருக்கு 65,536 இடங்கள்தான். நீளப் பெயர் ஒவ்வொன்றும் 13 குறிக்கு ஓர் இடமும், மேலும் ஓர் இடமும் எடுத்துக்கொள்ளும். ‘அறுவடைக்குப் பின்’ சேர்ந்த நம் பெயர் 106 குறி. அதற்கு 10 இடம் வேண்டும். ஆக அப்படிப்பட்ட கோப்புகள் சுமார் 6,500 ஆனதுமே, வட்டில் எவ்வளவு காலியிடம் இருந்தாலும், அந்த ஃபோல்டர் நிறைந்துவிடும். அடுக்கில் பிரிந்திருந்தபோது இந்தத் தடை வந்திருக்காது.

நாளும் பூட்டும்

பெயர் பிழைத்தாலும் நாள் பிழைப்பதில்லை. எளிய ‘சிபி’ நகலெடுத்த நேரத்தையே கோப்பின் நேரமாக்கிவிடும். படத்துக்குள் எக்ஸிஃப் தகவலாக நாள் பதிந்திருக்கலாம். ஒலிப்பதிவில் பல நேரம் கோப்பின் நேரம் ஒன்றே சான்று. வாட்ஸ்அப் வழியே வந்த படங்களில் எக்ஸிஃப் தகவலும் உதிர்ந்திருக்கும். ஆகவே மாற்றிய நேரத்தைக் காக்கும் தேர்வோடு நகலெடுப்பது கட்டாயம். பைத்தானில் ‘காப்பி2’ அதைச் செய்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு பூட்டு. கொல்லிமலை மூலிகைகளுக்குப் பெயர்பெற்றது. கோயில்காடுகள் உள்ள மலை. எந்த நோய்க்கு எந்தப் பச்சிலை, எந்தக் காட்டில் கிடைக்கும் என்று சொன்னவர் அதை ஊருக்கு வெளியே பகிர வேண்டாம் என்று கேட்டிருக்கலாம். அப்படிப்பட்ட பதிவுகளைத் தனி ஃபோல்டரில் வைத்து, அந்த ஃபோல்டருக்கே அனுமதித் தடை போடுவது வழக்கம். அடுக்கு கலையும் நொடியில் அந்தத் தடையும் கலைகிறது. ஊரார் நம்பிக் கொடுத்தது, விழாப் படங்களோடு படமாக அச்சகத்துக்கோ இணையத்துக்கோ போய்ச் சேரும். பெயர் மோதலில் அழிந்த படத்தை மூலத்திலிருந்து திரும்ப எடுக்கலாம். வெளியே போன அறிவைத் திரும்ப எடுக்க முடியாது. இந்தப் பொருளில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: எதைக் கலைக்கக் கூடாது என்ற பட்டியல் இல்லாமல் ஸ்கிரிப்டை ஓட்டவே கூடாது.

தமிழ் ஆவணங்கள் கண்ட வழிகள்

இந்தச் சிக்கலுக்கு நம்மிடையே பல தீர்வுகள் ஏற்கெனவே உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சமதளத்தைத் தேர்ந்தெடுத்தது. சங்க நூல், சமய நூல், புதினம் என்று ஃபோல்டர் பிரிக்காமல், வெளியான வரிசையில் நூலுக்கு ஓர் எண். கோப்பின் பெயரும் அந்த எண்தான். எந்த நூல் எந்த வகை என்பதைத் தனிப் பட்டியல் சொல்கிறது. வகைப்பாடு மாறினாலும் முகவரி மாறாது என்பது இதன் பலம்.

ஈழத்து ஆவணங்களைத் திரட்ட 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் சமதளத்தையும் அடுக்கையும் இணைத்தது. ஆவணத்துக்கு ஓர் எண். ஆனால் எண்கள் நூறு நூறாகப் பிரிந்த ஃபோல்டர்களில் இருக்கும். 3544ஆம் ஆவணம் 36ஆம் ஃபோல்டரில். எண் தெரிந்தால் இடத்தைக் கணக்கிட்டே கண்டுபிடிக்கலாம். எந்த ஃபோல்டரும் அளவுக்கு மீறிப் பெருகாது.

பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய அருகிவரும் ஆவணங்கள் திட்டம் மூன்றாவது வழியில் சென்றது. தொகுதி, பிரிவு, உருப்படி, பக்கம் என்ற அடுக்கு முழுவதும் எண்களாகி ஒவ்வொரு படத்தின் பெயரிலும் இருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இத்திட்டத்தின் கீழ்த் தமிழக ஆவணங்களைப் படியெடுத்திருக்கிறது. ஒரு படம் கூட்டத்திலிருந்து தனியே பிரிந்தாலும் தன் வீட்டு முகவரியைத் தானே சொல்லும். எண்களானதால் நீளத் தொல்லையும் இல்லை.

கணினிக்கு முன்னரே இதை அறிந்தவர்கள் தாவரவியலாளர்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே.எம். மாத்யூ 1967இல் நிறுவிய ராப்பினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகம், கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் சேகரித்த செடிகளைக் கொண்டு 1981 முதல் ‘தமிழ்நாடு கர்நாட்டிக்’ பகுதித் தாவரங்கள் குறித்த தொகுதிகளை வெளியிட்டது. ஹெர்பேரியத்தில் செடிகளை ஒட்டிய தாள்கள் குடும்பம், பேரினம் என்ற வரிசையில் இருக்கும். கொல்லிமலைச் செடிக்கு அருகில் சேர்வராயன் மலைச் செடி இருக்கும். களத்தின் அடுக்கு அங்கே முற்றாகக் கலைந்துவிட்டது. ஆனாலும் எதுவும் தொலையவில்லை. இடம், உயரம், நாள், சேகரித்தவர், சேகர எண் எல்லாம் தாளின் மூலையில் ஒட்டிய சீட்டில் இருக்கின்றன. 1898இல் முல்லர், ஃபெய்த், ஃப்ரூயின் என்னும் டச்சு ஆவணவியலாளர் மூவர் எழுதிய கையேடு, ஆவணத்தை அது பிறந்த ஒழுங்கிலேயே காக்க வேண்டும் என்றது. ஹெர்பேரியம் காட்டுவது அதன் மறுபக்கம்: பிறந்த ஒழுங்கு எழுத்தில் இருந்தால், இருக்கும் ஒழுங்கை மாற்றலாம்.

நல்ல ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியவை

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் செய்முறை தெளிவாகிறது. ஸ்கிரிப்ட் மூலத்தைத் தொடக் கூடாது. நகல் மட்டுமே எடுக்க வேண்டும். குவிக்கும் இடம் மூலத்துக்கு வெளியே இருக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் எதையும் நகலெடுக்காமல், எது எங்கே போகும் என்ற பட்டியலை மட்டும் அச்சிட வேண்டும். அந்தப் பட்டியலை ஊரும் பயிரும் அறிந்த ஒருவர் வாசிக்க வேண்டும். பகிரக் கூடாத ஃபோல்டர்கள் அந்தக் கட்டத்திலேயே விலக வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தொடர் எண்ணே புதுப்பெயர். பாதையைப் பெயரில் சேர்ப்பதைவிட இது பாதுகாப்பானது. நீளம் ஒரு காரணம். இன்னொன்று, ஃபோல்டர் பெயரிலேயே இரண்டு அடிக்கோடுகள் இருந்தால், எங்கே ஃபோல்டர் முடிகிறது எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பின்னால் பிரித்தறிய முடியாது. சிலர் உள்ளடக்கத்தின் கைரேகையான எஸ்எச்ஏ-256 மதிப்பின் முதல் எட்டு எழுத்தைப் பெயராக்குவார்கள். சுமார் 77,000 கோப்புகள் சேர்ந்தால் ஏதோ இரண்டு மோதுவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகிவிடும். கைரேகை வேண்டுமானால் முழுதாக, பட்டியலில் இருக்கட்டும்.

அந்தப் பட்டியல்தான் உயிர். புதுப்பெயர், பழைய பாதை முழுவதும், அளவு, மாற்றிய நேரம், கைரேகை என்ற ஐந்தும் வரிக்கு வரி அதில் இருக்க வேண்டும். ஒரே படம் ‘சாமை’யிலும் ‘விதைத் திருவிழா’விலும் இருந்தால் ஒரு நகல் போதும், ஆனால் பட்டியலில் இரண்டு பாதைகளும் இருக்க வேண்டும், ஏனெனில் இரண்டு இடத்தில் இருந்ததும் ஒரு செய்தியே. எல்லாம் முடிந்தபின் நகல்களின் கைரேகையைத் திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். நூலகங்கள் கோப்புகளைக் கைமாற்றப் பயன்படுத்தும் பேகிட் என்னும் முறை 2018இல் இணையத் தரக் குறிப்பாக வெளியானது. கோப்புகளோடு கைரேகைப் பட்டியலும் பிரியாமல் பயணிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

முடிவு

அடுக்கு கலைத்தல் தவறு என்று இந்த ஆய்வில் எதுவும் சொல்லவில்லை. மதுரைத் திட்டமும் ஹெர்பேரியமும் சமதளத்தில் நன்றாகவே வாழ்கின்றன. அவை வாழ்வது, இடத்திலிருந்து நீக்கிய முகவரியை எழுத்துக்கு மாற்றிவிட்டதால். முகவரியை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றும் ஒற்றை வரி ஸ்கிரிப்ட், கோப்புகளின் எண்ணிக்கை குறையாவிட்டாலும், ஆவணத்தை அழிக்கிறது.

மலையிலும் சமவெளியிலும் களப்பணிக்கு நிதி தருவோர் இனிப் படங்களை மட்டும் கேட்டுப் பெறக் கூடாது. பாதைப் பட்டியலையும் கேட்க வேண்டும், ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அந்தப் பட்டியலின் ஒரு படி சம்பந்தப்பட்ட ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமும் இருக்க வேண்டும். இந்தப் படம் எங்கள் ஊர்ச் சாமை என்று அடையாளம் சொல்லவும், இது வெளியே போகக் கூடாது என்று தடுக்கவும் உரிமை உள்ளவர்கள் அவர்கள். பட்டியல் கையில் இல்லாவிட்டால் அந்த இரண்டு உரிமையும் பேச்சளவில்தான் நிற்கும்.